எங்கள் பழைய வார்டு

எங்கள் பழைய வார்டு இப்போது இல்லை. தெருக்கள் இருக்கின்றன. குழாயடி இருந்த மூலையில் செல்போன் கடை வந்துவிட்டது. ஓட்டு வீடுகளில் பாதிக்குமேல் மாடி வீடாகிவிட்டன. ஆனால் அந்த நான்கைந்து தெருக்களையும் ஒரே வார்டாகச் சேர்த்து வைத்திருந்த எல்லை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகம் முழுவதும் உள்ளாட்சி வார்டுகளை மறுவரையறை செய்தபோது மாறிப்போனது. 2022 பிப்ரவரி 19 அன்று பேரூராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடப் போனோம். அதுவரை ஒரே வரிசையில் நின்ற எதிர்வீட்டுக்காரர்களும் நாங்களும் அன்றைக்கு வேறு வேறு வரிசையில் நின்றோம். 2008 மறுவரையறையில் காவேரிப்பட்டணம், மொரப்பூர் சட்டமன்றத் தொகுதிகள் மறைந்ததை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுமே பேசின. ஒரு பேரூராட்சி வார்டு மறைந்தால் பேச யாருமில்லை. அந்த வார்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் பேச வேண்டும்.

தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் சாலையில் பாலக்கோட்டைத் தாண்டி, ராயக்கோட்டைக்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். மேற்கே போனால் பஞ்சப்பள்ளி, அங்கே சின்னாற்றின் குறுக்கே அணை. சுற்றிலும் தக்காளி, தென்னை, பட்டுப்புழுவுக்கான மல்பெரி. ஒருகாலத்தில் பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு போகும். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை நாங்கள் சேலம் மாவட்டத்துக்காரர்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபோது பக்கத்து ஊரான ராயக்கோட்டை அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் தருமபுரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்றுவிட்டோம். மாவட்டத் தலைநகருக்கும் தூரம், சென்னைக்கு இன்னும் தூரம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊரில் சாக்கடை அடைத்தால் கலெக்டர் நினைவுக்கு வருவதில்லை, கவுன்சிலர்தான் வருவார்.

என் பாட்டிக்கு கவுன்சிலர் என்ற சொல்லே பழக்கமில்லை. ‘மெம்பரு’ என்பார். அவர் சொன்ன கதைகளில் வந்த மெம்பர்கள் எல்லாம் 1970-ல் ஜெயித்தவர்கள். காமராஜர் ஆட்சியில் 1958-ல் கொண்டுவந்த பஞ்சாயத்துச் சட்டத்தின்படி நடந்துவந்த தேர்தல்கள் அந்த ஆண்டோடு நின்றுவிட்டன. பிறகு 1986 வரை பதினாறு வருஷம் ஊராட்சி, பேரூராட்சி எதற்கும் தேர்தல் கிடையாது. ஒரு தலைமுறையே வார்டு ஓட்டுப் போடாமல் நடுவயதுக்கு வந்தது. அந்தப் பதினாறு வருஷத்தில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் எத்தனையோ முறை வரிசையில் நின்றவர்கள், தங்கள் தெரு விளக்குக்குப் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்க ஒருமுறைகூட நிற்கவில்லை.

1986 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தத் தேர்தல் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். நோட்டீஸ் பொறுக்குவதும் ஊர்வலத்தின் பின்னால் ஓடுவதும்தான் வேலை. கோட்டையில் அ.தி.மு.க. இருந்தும் நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை தி.மு.க. பிடித்தது என்று டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். அதற்கப்புறம் நடந்த எல்லா நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் ஆளுங்கட்சியின் கைதான் ஓங்கியது: 1996-ல் தி.மு.க., 2001-ல் அ.தி.மு.க., 2006-ல் தி.மு.க., 2011-ல் அ.தி.மு.க., 2022-ல் மறுபடி தி.மு.க. எண்பத்தாறில் ஜெயித்தவர்கள் பதவிக்காலம் முடிந்து 1991-ல் இறங்கினார்கள். மறுபடியும் ஐந்து வருஷம் வெறுமை.

அந்த வெறுமையை முடித்துவைத்தது அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 1993-ல் விதி வந்தது. 1994-ல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு பஞ்சாயத்துச் சட்டமும் மாநிலத் தேர்தல் ஆணையமும் வந்தன. 1996 அக்டோபரில் தேர்தல். சென்னைக்காரர்களும் 1973-ல் மாநகராட்சி கலைக்கப்பட்டதற்குப் பிறகு அப்போதுதான் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டார்கள். மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானது அந்தத் தேர்தலில்தான். எனக்கு அது முதல் உள்ளாட்சி ஓட்டு.

எங்கள் வார்டின் நல்ல காலம் என்று நான் நினைப்பது 1996-லிருந்து 2011 வரை நடந்த அந்த நான்கு தேர்தல்களைத்தான். நான்குமே அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால் வந்தன. மழை தூறும், தெருவெல்லாம் சேறு, அந்தச் சேற்றிலேயே வேட்பாளர் வருவார். எம்.எல்.ஏ. தேர்தல் என்றால் ஜீப்பில் நின்றபடி கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். வார்டுத் தேர்தலில் அது செல்லாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கும் கிழவரை விசாரிக்க வேண்டும். போன வருஷம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைத்தோமா, சாவுக்கு வந்தோமா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம், சில வீடுகளில் உருது. வேட்பாளர் ஒவ்வொரு வாசலிலும் பாஷையை மாற்றிக்கொண்டே போவார். ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூன்று மொழியில் அக்கா, தங்கச்சி என்று உறவு கொண்டாடியாக வேண்டும். மேடையில் சரளமாகப் பேசத் தெரியாதவர்கூட அந்த வேலையை அழகாகச் செய்வார்.

சுயேச்சைகளின் சின்னங்களுக்கு ஒரு தனி ருசி உண்டு. பூட்டு சாவி, கட்டில், சீப்பு, கத்திரிக்காய், தண்ணீர்க் குழாய். கட்சிக்காரர் வெறும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்க, பூட்டு சாவிக்காரர் நிஜப் பூட்டையே கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்களுக்குச் சின்னம்தான் பெயர். “கட்டிலுக்குப் போட்டுட்டேன் கண்ணு” என்பார்கள். கட்சி ஓட்டும் வார்டு ஓட்டும் வேறு என்பதில் எங்கள் சனம் தெளிவாக இருந்தது. பாலக்கோடு சட்டமன்றத் தொகுதியில் 2001-லிருந்து 2021 வரை ஐந்து முறையும் அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன்தான் ஜெயித்தார். 2008 மறுவரையறைக்குப் பிறகு அதே மக்கள் ஓட்டுப் போடும் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் 2009-ல் தி.மு.க., 2014-ல் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ், 2019, 2024 இரண்டிலும் தி.மு.க. சட்டமன்றத்துக்கு ஒருவர், டெல்லிக்கு வேறொருவர் என்று பிரித்துப் போட்ட விரல்கள், வார்டுக்கு வரும்போது கொடியையே பார்க்காமல் ஆளைப் பார்த்து இன்னொரு பக்கம் போகும். மாநில அளவில் அமைந்த கூட்டணி எங்கள் தெருமுனை வரை வந்து சேராத தேர்தல்கள் உண்டு. தலைவர்கள் கைகோத்து நிற்கும் போஸ்டருக்குக் கீழேயே இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிராக ஓட்டுக் கேட்பார்கள்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஓட்டுக்கு முந்தின ராத்திரி வந்து இறங்குவார்கள். ரயிலடியில் இறங்கும்போதே அவர்கள் பையை வாங்கிக்கொள்ள இரண்டு தரப்பு ஆட்களும் நிற்பார்கள். நூறு ஓட்டு, நூற்றைம்பது ஓட்டுக்குள் வெற்றி தோல்வி முடிந்துவிடும் இடத்தில், பெங்களூரிலிருந்து வரும் பத்துப் பேர் என்பது சாதாரண எண்ணிக்கை இல்லை. ஓட்டு சமமாக விழுந்தால் குலுக்கல் என்று விதியிருக்கிறது. 2022-ல்கூடத் தமிழகத்தில் சில வார்டுகள் குலுக்கலில்தான் முடிந்தன. தன் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது என்று எங்கள் வார்டில் யாரும் கேட்டதில்லை.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்பதும் 1996-ல் வந்ததுதான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு அரைகுறையாகிவிடும். எங்கள் வார்டு பெண்களுக்கானது என்று ஒதுக்கப்பட்ட முறை, நோட்டீஸில் முதல் தடவையாகப் பெண் முகம் வந்தது. முகத்தின் அளவுக்கே பக்கத்தில் கணவர் முகமும் இருந்தது, ‘இன்னாரின் மனைவி’ என்று கொட்டை எழுத்திலும் போட்டிருந்தார்கள். ஜெயித்த அக்காவுக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரரே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்தார். முதல் ஆறேழு மாதம் இதுதான் நடந்தது. பிறகு ஒருநாள் குழாயடியில் தண்ணீர் வராமல் குடங்கள் வரிசை கட்டி நின்றபோது பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்த அக்காவின் வீட்டுக்கே போய்விட்டார்கள். “ஓட்டுக் கேட்க நீதானே வந்தே? அவரா வந்தாரு?” என்று ஒரு பாட்டி கேட்டார். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, அவர்களோடு நடந்தே அலுவலகத்துக்குப் போனார். செயல் அலுவலரின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த சிறுமிகளில் ஒருத்தி என் அக்கா மகள். அதற்குப் பிறகு அந்த அக்கா தனியாகத்தான் கூட்டங்களுக்குப் போனார். இட ஒதுக்கீட்டால் என்ன பயன் என்று யார் கேட்டாலும் நான் அந்த நாற்காலியைத்தான் சொல்வேன். 2022 தேர்தலில் பெண்களுக்கான பங்கு பாதி இடமாக உயர்ந்துவிட்டது. அது சரியான முடிவு.

எந்தத் தேர்தலானாலும் எங்கள் வார்டில் பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. போர்வெல் ஆழமாகப் போகப் போக உப்பும் ஏறியது, ஃபுளூரைடும் ஏறியது. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாத கறை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அந்தப் பல்லைப் பார்த்துவிட்டு ஊர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். முட்டி வலி, முதுகு வலி என்று நாற்பது வயதிலேயே கோல் ஊன்றியவர்களுக்குக் காரணம் அந்தத் தண்ணீர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. வார்டு மெம்பரால் ஃபுளூரைடை நீக்க முடியாது. ஆனால் எந்த போர் தண்ணீரைக் குடிக்கலாம், எதைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் கேட்டுவந்து சொல்ல அவரால் முடிந்தது. லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வர வேண்டும் என்று சண்டை போட முடிந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்த் திட்டம். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, நடக்குமா நடக்காதா என்று ஊரே கவலைப்பட்டது. 2013 மே மாதம் திட்டம் திறக்கப்பட்டது. மூன்று நகராட்சிகள், பதினேழு பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் இதில் சேர்ந்தன. இரண்டு மாவட்டங்களில் அப்போதிருந்த பேரூராட்சிகள் எல்லாமே அந்தப் பதினேழில் அடக்கம், எங்களுடையதும் சேர்த்து. அடிக்கல் நாட்டியது ஓர் ஆட்சி, திறந்தது வேறோர் ஆட்சி. இருவருக்கும் எங்கள் நன்றி உண்டு. ஆனால் பெரிய குழாய் ஊருக்கு வந்த பிறகு அது எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது, மேட்டுத் தெருவுக்கு ஏறாத தண்ணீரை எப்படி ஏற்றுவது என்ற வேலை முழுவதும் வார்டு அளவில்தான் நடந்தது. திட்டத்தைப் பற்றிய கல்வெட்டுகளில் கவுன்சிலர்களின் பெயர் இருக்காது. இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வால்வு திறக்கிறவரோடு கூட நின்றது அவர்கள்தான்.

இதற்கு நடுவில் ஊருக்கு ஒரு விநோத காலமும் வந்தது. 2004 ஜூனில் தமிழகத்துப் பேரூராட்சிகளை ‘சிறப்புச் சிற்றூராட்சி’ என்று மாற்றினார்கள். ஊரக வளர்ச்சிக்கான நிதி கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். அலுவலகத்துப் பெயர்ப்பலகை மாறியது, ரசீதில் இருந்த முத்திரை மாறியது. 2006 ஜூலையில் மறுபடி பேரூராட்சி என்று திருப்பினார்கள், பலகையும் திரும்பியது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இப்படித்தான் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. 1996, 2001 இரண்டிலும் தலைவருக்கு நாங்களே நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2006-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். 2022-ல் மறுபடி மறைமுகத் தேர்தல். கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தால் பல ஊர்களில் அவர்களைச் சுற்றுலா கூட்டிப்போய் மறைத்து வைப்பதும் கூடவே வருகிறது. தலைவர் நாற்காலிக்கு நேரடித் தேர்தல்தான் சரி என்பது என் கருத்து. தலைவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்கட்டும்.

2016 செப்டம்பர் கடைசியில் தேர்தல் அறிவித்தார்கள். அக்டோபர் 17, 19 வாக்குப்பதிவு. எங்கள் வார்டில் மனுத் தாக்கல் முடிந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் சின்னமும் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யச் சொன்னதில் தவறே இல்லை. அதைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்க வேண்டும். அந்த அக்டோபர் கடைசியில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கொஞ்ச காலத்துக்கு என்று ஆரம்பித்தது நீண்டு நீண்டு ஐந்து வருஷத்தைத் தாண்டியது.

அந்த வருஷங்கள்தான் எங்கள் வார்டை உண்மையில் அழித்தவை. எல்லைக்கோடு மாறியதெல்லாம் அதற்கப்புறம்தான். தெரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனது. பழைய கவுன்சிலர் வீட்டுக்கே போனார்கள். அவர் பாவம், பதவியில்லாமலேயே மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அலைந்தார். அலுவலர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் நன்றாகவே வேலை பார்த்தார்கள். ஆனால் ஒரு செயல் அலுவலருக்கு மொத்த ஊரும் பொறுப்பு, எங்கள் தெரு அவருக்கு நூற்றில் ஒன்று. அவரை மறுபடி ஓட்டுக் கேட்டு யாரும் வாசலுக்கு அனுப்பப்போவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தக் குறை முகத்தில் அறைந்தது. சுற்றியிருந்த கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, தலைவர்களும் உறுப்பினர்களும் ஜனவரியில் பதவியேற்றிருந்தார்கள். அந்த ஊர்களில் வெளியூரிலிருந்து வந்தவர் யார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்க வார்டுக்கு ஓர் ஆள் இருந்தார். பெங்களூரில் வேலை நின்று எங்கள் பிள்ளைகள் நடந்தும் லாரி ஏறியும் வந்து சேர்ந்தபோது, எங்களுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களின் நல்ல மனசு. அந்த நல்ல மனசு இருக்கிறதே என்று தேர்தலைத் தள்ளிப்போட முடியாது.

2022-ல் தேர்தல் வந்தபோது புது வார்டு, புது எண், புது முகங்கள். 489 பேரூராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 21 மாநகராட்சிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. பதினெட்டு வயதில் முதல் வார்டு ஓட்டுப் போட்டிருக்க வேண்டிய பையன்கள் இருபத்து மூன்று வயதில் போட்டார்கள். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த பெண்ணுக்கு எங்களில் பாதிப் பேரைத் தெரியவில்லை. புது எல்லையில் அவர் அடுத்த தெருக் கூட்டத்தைச் சேர்ந்தவர். வந்து உட்கார்ந்து, காபி குடித்து, பெயர் கேட்டு, கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். போன மழைக்குச் சாக்கடை உடைந்தபோது கூப்பிட்டோம், வந்தார். அவரும் எங்களவராகிக்கொண்டிருக்கிறார். கவுன்சிலர்களுக்கு மாத மதிப்பூதியம் என்பது 2023-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதுவரை இந்த வேலையை அவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் பார்த்தார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். அன்றைக்குத் தலைவர்கள் இருந்த கிராம ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடக்கவில்லை, அங்கே தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். பஞ்சப்பள்ளி பக்கத்து உறவுக்காரர்கள் எங்கள் கவுன்சிலரிடம் வந்து தங்கள் ஊர் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்கிறார்கள். அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. எங்கள் பேரூராட்சி மன்றம் 2022 மார்ச் தொடக்கத்தில் பொறுப்பேற்றது. அதன் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடியும். வார்டை எப்படி வேண்டுமானாலும் வரையட்டும், எந்தத் தெருவை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கட்டும். அந்தத் தேதிக்குள் தேர்தலை மட்டும் நடத்திவிடுங்கள்.